பாட்டி மாதிரியே இருக்கும் சுண்டெலி: மூப்பு பற்றி ஒரு கேள்வி

லயத்துப்பையன் | ஞாயிறு, இரவு 9.12

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு 61 வயது. பார்ப்பவர்கள் எண்பது என்கிறார்கள். பதின்மூன்று வயதில் பால்மரம் சீவப் போனவர். மரமெல்லாம் செம்பனையாக மாறிய பிறகு பதினொரு வருடம் மருந்து அடித்தார். முதுகில் தோம்பு, முகத்தில் ஒரு துண்டு, அவ்வளவுதான் பாதுகாப்பு. எந்தத் தோட்டம் என்பது இங்கே வேண்டாம். இப்போது இனிப்பு நீர் (நீரிழிவு), கண்புரை, கூன் விழுந்த முதுகு.

மகள் ஆறாம் படிவத்தில் உயிரியல் படிக்கிறாள். டிஎன்ஏ பழுதுபார்க்க முடியாத சுண்டெலிகளைப் பற்றி நேற்று சாப்பிடும்போது வாசித்துக் காட்டினாள். பிறந்து சில மாதத்திலேயே கூன், நடுக்கம், மெலிவு. "அப்பா, பாட்டி மாதிரியே இருக்குல்ல" என்றாள். அம்மா அடுப்படியில் இருந்தபடியே, "என்னை எலிங்கிறியா?" என்று கேட்டுச் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

இரண்டு கேள்விகள். டிஎன்ஏவில் பழுது என்றால் புற்றுநோய் வரும் என்று கேட்டிருக்கிறேன். அதற்கும் உடம்பில் சர்க்கரை, கொழுப்பு கெடுவதற்கும் என்ன தொடர்பு? அம்மா அடித்த மருந்துக்கு இதில் பங்கு உண்டா?

கூகை மண்டோர் | ஞாயிறு, இரவு 9.31

எங்கள் தோட்டத்தில் எலிக்கு மூப்பு வருவதற்குள் கூகை வந்துவிடும் தம்பி. கம்பத்து உச்சியில் பெட்டி அடித்து வளர்க்கிறோம். கூன் விழுந்த எலியை முப்பது வருடத்தில் நான் ஒன்றுகூடப் பார்த்ததில்லை.

எலிக்கூண்டு | ஞாயிறு, இரவு 11.05

நான் பதினான்கு வருடம் ஆய்வுக்கூடத்தில் சுண்டெலி வளர்த்தவன். விஞ்ஞானி இல்லை, கூண்டு கழுவி, தீனி நிறுத்துப் போட்டு, குட்டி எண்ணிய ஆள். ஆனால் மேசையில் கிடக்கும் கட்டுரையைப் படிக்காமல் விட்டதில்லை. இப்போது ஊரில் பேனா பென்சில் கடை.

முதலில் மண்டோர் அண்ணனுக்கு. செம்பனை எலி வேறு இனம், ஆய்வுக்கூடச் சுண்டெலி வேறு. ஆனாலும் நீங்கள் விளையாட்டாகச் சொன்னதில் விஷயம் இருக்கிறது. காட்டில் இருக்கும் சுண்டெலி பெரும்பாலும் ஒரு வருடம் தாண்டாது. கூண்டில் வைத்துச் சோறு போட்டால் இரண்டு, மூன்று வருடம். எப்படியும் யாரோ பிடித்துத் தின்னப்போகும் உடம்பை நூறு வருடத்துக்குப் பராமரித்து என்ன பயன்? அந்தத் தெம்பைக் குட்டி போடுவதில் செலவழித்தால் வம்சமாவது மிஞ்சும். மண்ணுக்கடியில் பத்திரமாக வாழும் ஆப்பிரிக்க மொட்டை எலி முப்பது வருடம் தாண்டுகிறது. 2019இல் 18 வகைக் கொறிணிகளின் செல்களை ஒப்பிட்டார்கள். ஆயுள் நீண்ட இனங்கள், இரண்டு இழையும் அறுந்துபோன டிஎன்ஏவை ஒட்டவைப்பதில் கெட்டியாக இருந்தன. அந்தத் திறமைக்கு சர்ட்6 என்ற புரதம் பெரிய காரணம் என்றும் கண்டார்கள்.

இனி தம்பியின் கேள்வி. டிஎன்ஏ கெடுவதற்கு வெளியிலிருந்து விஷம் வரவேண்டியதில்லை. செல்லுக்குள் இருக்கும் தண்ணீரும் நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜனுமே போதும். ஒரு செல்லில் ஒரு நாளைக்குப் பல்லாயிரம் பழுது. அத்தனையையும் நொதிகள் ஓயாமல் சரிசெய்துகொண்டே இருக்கின்றன. அது எப்படி நடக்கிறது என்று காட்டியதற்காகத்தான் லிண்டால், மாட்ரிச், சான்சார் மூவருக்கும் 2015இல் வேதியியல் நோபல் கிடைத்தது.

அந்த நொதிகளில் ஒரு கத்தரிக்கோல் உண்டு. அதன் இரண்டு அலகுகள் ஈஆர்சிசி1, எக்ஸ்பிஎஃப். கெட்ட துண்டை ஓரத்தில் வெட்டி எடுப்பது இதன் வேலை. ஈஆர்சிசி1 மரபணுவை 1984இல் ரோட்டர்டாம் குழு பிரித்தெடுத்தது. அந்த மரபணு அறவே இல்லாத சுண்டெலிக்குட்டி நான்கு வாரத்தைத் தாண்டுவதே பாடு. அரைகுறையாக வேலை செய்யும் ஒரே ஒரு பிரதியை விட்டுவைத்தால் நான்கிலிருந்து ஆறு மாதம் வரை இருக்கும். மகள் வாசித்தது இதுவாகத்தான் இருக்கும்.

2006இல் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வந்தது. எக்ஸ்பிஎஃப் பழுதான 15 வயதுப் பையன் ஒருவன், கிழவனைப் போன்ற உடம்போடு இருந்தான். அவனையும் இந்தச் சுண்டெலிகளையும் சேர்த்து ஆராய்ந்தார்கள். எலியின் கல்லீரலில் எந்தெந்த மரபணு ஓடுகிறது, எது நின்றிருக்கிறது என்று பார்த்தால், வளர்ச்சிக்கான பொத்தான்களெல்லாம் அணைந்து கிடந்தன. வளர்ச்சி இயக்குநீரின் சொல்லைக் கேட்டு ஐஜிஎஃப்-1 என்ற வளர்ச்சிப் புரதம் சுரக்கும் பாதை ஒடுங்கிவிட்டது. பிறந்து சில நாளே ஆன குட்டி, பட்டினி கிடக்கும் பிராணியைப் போல நடந்துகொள்கிறது. பக்கத்தில் தாய் பால் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது.

தோட்டக் கணக்கில் சொல்கிறேன். ரப்பர் விலை விழுந்தால் துரை என்ன செய்வார்? புது நடவை நிறுத்துவார், உரம் குறைப்பார், இருக்கிற ஆளை வைத்து ஓட்டைக் கூரையை அடைப்பார். டிஎன்ஏவில் பழுது குவிந்தால் உடம்பும் இந்த வேலையைத்தான் செய்கிறது. பழுது நேராகப் போய்ச் சர்க்கரையைக் கெடுப்பதில்லை. பழுது குவிகிறது என்று தெரிந்ததும் உடம்பே தன் வரவுசெலவை மாற்றி எழுதிக்கொள்கிறது.

எஸ்டிபிஎம் தங்காச்சி | திங்கள், காலை 6.40

ஐயா, நான்தான் அந்த மகள். அப்பா கணக்கைத் திறந்து வைத்திருந்ததைப் பார்த்து என் பெயரில் தனியாக வந்துவிட்டேன். பள்ளி வேன் வருவதற்குள் ஒரு சந்தேகம். வளர்ச்சி இயக்குநீர் இல்லாத குள்ளச் சுண்டெலி சாதாரணச் சுண்டெலியைவிட அதிக நாள் வாழும் என்று என் குறிப்பில் இருக்கிறது. ஐஜிஎஃப்-1 குறைந்தால் ஆயுள் கூடும் என்றால், இந்த எலி ஏன் சீக்கிரம் சாகிறது?

எலிக்கூண்டு | திங்கள், மதியம் 1.20

கடையில் கூட்டம் இல்லை, நிதானமாக எழுதுகிறேன். இந்த விஷயத்தில் என்னை ரொம்ப நாள் குழப்பிய கேள்வியே இதுதான்.

ஏம்ஸ் குள்ளச் சுண்டெலிக்கு வளர்ச்சி இயக்குநீர் கிடையாது. ஆனால் கத்தரிக்கோல் நன்றாக இருக்கிறது. சிக்கனமும் உண்டு, பழுதுபார்க்க ஆளும் உண்டு. அது நீண்ட நாள் வாழ்கிறது. ஈஆர்சிசி1 எலிக்குச் சிக்கனம் இருக்கிறது, ஆள் இல்லை. ஐஜிஎஃப்-1 குறைந்ததால் அது சாகவில்லை. குறைத்துக்கொண்டும் போதாமல் சாகிறது. காய்ச்சல்தான் நோய் என்று நினைத்து ஏமாறுவோமே, அதே மாதிரி இங்கே தற்காப்பை நோய் என்று படித்துவிடுகிறோம்.

தற்காப்பு என்று சொல்ல என்ன ஆதாரம் என்று கேட்பாய். 2016இல் ரோட்டர்டாமில் ஹூய்மேக்கர்ஸ் குழு செய்த வேலையைப் பார். இந்த நோஞ்சான் எலிகளுக்குத் தீனியை 30 சதவீதம் குறைத்தார்கள். நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் மனம் கேட்டிருக்காது. எலும்பும் தோலுமாக நடுங்கும் பிராணியின் தட்டிலிருந்து இன்னும் எடுப்பதா? ஆனால் அதன் எஞ்சிய ஆயுள் மூன்று மடங்கானது. சதவீதக் கணக்கில் பத்து, இருபது கூடினாலே பெரிய செய்தி. இது மூன்று மடங்கு! மூளையில் நரம்புச் செல்கள் 50 சதவீதம் அதிகமாக மிஞ்சின. வயிறு நிறையத் தின்ற கூட்டாளிகள் செத்து வெகுநாள் கழித்தும் இவை தடுமாறாமல் நடந்தன.

அந்தக் கட்டுரையில் இன்னொன்று எனக்கு ரொம்பப் பிடித்தது. மூப்படையும்போது எந்த மரபணுக்கள் முதலில் ஓசை குறைகின்றன? நீளமானவை. அந்தக் காலத்து ஒலிநாடாவை நினைத்துக்கொள். மூன்று நிமிடப் பாட்டில் கீறல் விழ வாய்ப்பு குறைவு. மூன்று மணி நேரக் கூத்து என்றால் எங்காவது ஓரிடத்தில் சிக்கும், சிக்கினால் அதற்குப் பிறகு ஒன்றும் கேட்காது. டிஎன்ஏவில் பழுது இருக்கும் இடத்தில் படியெடுக்கும் நொதி நின்றுவிடுகிறது. தீனி குறைத்த எலிகளில் இந்த நீள மரபணுக்கள் தொடர்ந்து ஒழுங்காகப் படியெடுக்கப்பட்டன. அதாவது பழுதே குறைவாகச் சேர்ந்திருக்கிறது. நரம்புச் செல்லில் நீளமான மரபணுக்கள் நிறைய. நடுக்கம் ஏன் முன்னால் வந்து நிற்கிறது என்பதற்கு இதில் ஒரு துப்பு கிடைக்கிறது.

இளமை ஆலோசகர் | திங்கள், மாலை 5.02

அருமையான விளக்கம். இதற்கெல்லாம் தீர்வு, செல்லுக்குள் இருக்கும் என்ஏடி என்ற மூலக்கூறு. செல்லில் என்ஏடி குறைவதால்தான் மூப்பு. எங்களிடம் மூன்று மாத பேக்கேஜ் இருக்கிறது. லயத்துப்பையன் அண்ணே, அம்மாவுக்காகச் சிறப்பு விலை, தனிச்செய்தி அனுப்புங்கள்.

கூகை மண்டோர் | திங்கள், மாலை 5.10

வந்தாச்சா. இன்னும் காணோமே என்று இப்போதுதான் நினைத்தேன்.

எலிக்கூண்டு | திங்கள், இரவு 8.45

ஆலோசகர் தம்பி பொய் சொல்லவில்லை, கால்வாசி உண்மையை வைத்துக் கடை போட்டிருக்கிறார். டிஎன்ஏ அறுந்தால் பார்ப்1 என்ற நொதி ஓடிவந்து அந்த இடத்தில் கொடி நடும். கொடி செய்ய என்ஏடியைத்தான் உடைக்கும். பழுது ஓயாமல் இருந்தால் என்ஏடி கையிருப்பு கரையும். சர்ட்1 போன்ற புரதங்களுக்கும் அதே என்ஏடிதான் வேண்டும், அவை பட்டினி கிடக்கும், செல்லின் மின்நிலையமான மைட்டோகாண்ட்ரியாவைத் துப்புரவு செய்யும் வேலை நிற்கும். எக்ஸ்பிஏ என்ற பழுதுபார்க்கும் புரதம் கெட்ட செல்களிலும், காக்கெய்ன் நோய் (Cockayne, போதைப்பொருள் இல்லை; டிஎன்ஏ பழுதுபார்ப்பு கெட்ட ஒரு பிறவி நோய்) உள்ள எலிகளிலும் இதைக் காட்டியிருக்கிறார்கள். அதுவரை சரி. அங்கிருந்து 61 வயது அம்மாவின் கூன் முதுகுக்கு மூன்று மாத பேக்கேஜ் என்று தாவுவது வியாபாரம்.

எஸ்டிபிஎம் தங்காச்சி | திங்கள், இரவு 9.15

ஐயா, இன்னும் ஒன்று. பழுதுபார்க்க முடியாத எலி மெலியும் என்று சொன்னீர்கள். டீச்சர் கொடுத்த தாளில் ஒரு எலி குண்டாகிறதே?

எலிக்கூண்டு | திங்கள், இரவு 10.30

கேட்பாய் என்று எதிர்பார்த்தேன். டிஎன்ஏ பழுதுபார்ப்பு என்று ஒரே பெயரில் சொல்கிறோமே தவிர, அது ஒரே பட்டறை இல்லை. டயர் ஒட்டுகிறவர் வேறு, என்ஜின் இறக்குகிறவர் வேறு.

ஆக்சிஜனால் கருகிய ஒற்றை எழுத்தைப் பிடுங்கி எடுக்க ஓஜிஜி1, நெய்ல்1 என்ற நொதிகள் இருக்கின்றன. நெய்ல்1 இல்லாத சுண்டெலியைப் பற்றி 2006இல் வெளியிட்டார்கள். நான்கிலிருந்து ஆறு மாத வயதில் ஆண் எலிகள் நன்றாக ஊதிவிட்டன. கல்லீரலில் கொழுப்பு, இரத்தத்தில் கொழுப்பு, இன்சுலின் அதிகம். நம்மூரில் முழு உடல் பரிசோதனைக்குப் போனவர் கையில் வரும் தாளை அப்படியே எலிக்கு எழுதியது போல. பெண் எலிகள் அந்த அளவுக்குப் பருக்கவில்லை. ஓஜிஜி1 இல்லாத எலிக்குக் கொழுப்புத் தீனி கொடுத்தால் அதுவும் சீக்கிரம் பருக்கிறது.

ஈஆர்சிசி1 எலி நேரெதிர். அதன் கொழுப்புத் திசுவே கரைகிறது. 2013இல் அதற்கு ஒரு காரணம் காட்டினார்கள். பழுது சேர்ந்த கொழுப்புச் செல்கள் அழற்சியைக் கிளப்பும் சமிக்ஞைகளை வெளியே விடுகின்றன, அந்த அழற்சியே திசுவைத் தின்றுவிடுகிறது.

அப்புறம் காக்கெய்ன் நோய்க்கான சிஎஸ்பி எலி, அதாவது சிஎஸ்பி மரபணு கெட்ட எலி. அதுவும் ஒல்லி. ஆனால் 2014இல் அமெரிக்காவில் அதற்குக் கொழுப்பு நிறைந்த தீனி கொடுத்துப் பார்த்தார்கள், அதன் கோளாறுகள் குறைந்தன! ஒரு எலிக்குக் குறைவான தீனி நல்லது, பக்கத்துக் கூண்டு எலிக்குக் கொழுப்புத் தீனி நல்லது. மூப்பைத் தள்ளிப்போட இதுதான் சாப்பாடு என்று யாராவது ஒரே வாக்கியத்தில் சொன்னால், எந்தக் கூண்டைப் பார்த்துச் சொல்கிறார் என்று கேள்.

தைப்பிங்காரன் | செவ்வாய், காலை 7.15

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். என் தம்பிக்கு விரைப்பைப் புற்றுநோய்க்கு சிஸ்பிளாட்டின் ஏற்றினார்கள். பிழைத்துவிட்டான். இப்போது நாற்பது வயதில் இடுப்பு பெருத்து, கொழுப்பு ஏறி நிற்கிறது. இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா?

எலிக்கூண்டு | செவ்வாய், காலை 10.00

சிஸ்பிளாட்டின் டிஎன்ஏவின் எழுத்துகளை ஒன்றோடொன்று பிணைத்துப் பூட்டுப் போடும் மருந்து. புற்றுச் செல் அதில்தான் சாகிறது. அந்தப் பூட்டை வெட்டுவதும் இதே ஈஆர்சிசி1 கத்தரிக்கோல்தான். அந்தச் சிகிச்சையில் பிழைத்தவர்களுக்குப் பிற்காலத்தில் கொழுப்பு, இரத்த அழுத்தம், இடுப்புச் சுற்றளவு கூடும் வாய்ப்பு அதிகம் என்று மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். வேறு காரணங்களும் சேர்ந்திருக்கலாம். தம்பியைச் சோதனைக்குத் தவறாமல் போகச் சொல்லுங்கள். மருந்து ஏற்றியது தப்பு என்று மட்டும் யாரும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.

நர்ஸ் அக்கா | செவ்வாய், மாலை 6.30

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டு சும்மா இருந்தேன். எலிக்கூண்டு அண்ணன் எழுதியது அழகு. ஆனால் நாளைக்கே நாலு பேர் கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசு சுகாதார நிலையம்) வந்து, "எலி பட்டினி கிடந்து மூணு மடங்கு வாழ்ந்திச்சாம்" என்பார்கள். அதனால் எழுதுகிறேன்.

இனிப்பு நீர் இருப்பவர்கள், அதிலும் கிளிகிளாசைடு மாதிரியான மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், தாங்களாகச் சாப்பாட்டைக் குறைத்தால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழுவார்கள். தைப்பூச விரத மாதத்தில் வருடா வருடம் பார்க்கிறேன். விரதம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆரம்பிப்பதற்கு முன் வந்து மாத்திரை அளவை மாற்றிக்கொண்டு போங்கள். ஆய்வுக்கூட எலிக்குத் தீனியைக் குறைத்தாலும் சத்து குறையாமல் பார்த்துக்கொள்வார்கள். ஒரு நாளைக்கு இரண்டு தே தாரிக், நாலு பிஸ்கட் என்று ஓட்டும் கிழவிக்கு அது பொருந்தாது.

2019 தேசிய சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 சதவீதம் பேருக்கு இனிப்பு நீர். இனவாரியாகப் பார்த்தால் நம்மவர்கள்தான் முதலிடம். இதில் டிஎன்ஏவைத் தேடுவதற்கு முன் அரிசி, சீனி, நடை, மன உளைச்சல், மாத்திரையைப் பாதியில் நிறுத்துவது என்று தேட நிறைய இருக்கிறது.

லயத்துப்பையன் | செவ்வாய், இரவு 9.50

எல்லோருக்கும் நன்றி. ஆனால் என் இரண்டாவது கேள்வியை எல்லோரும் சுற்றிப் போகிறீர்கள். மருந்து?

எலிக்கூண்டு | செவ்வாய், இரவு 11.40

சுற்றித்தான் போனேன். எழுதி எழுதி அழித்தேன்.

அம்மா அடித்தது பாராகுவாட் என்ற களைக்கொல்லியாக இருந்தால், அது செல்லுக்குள் செய்யும் வேலை நன்றாகத் தெரிந்ததுதான். ஒரு எலக்ட்ரானை வாங்கி ஆக்சிஜனிடம் கொடுக்கும், திரும்பப் போய் இன்னொன்றை வாங்கும். ஒவ்வொரு முறையும் ஒரு சூப்பர்ஆக்சைடு பிறக்கும். அது டிஎன்ஏவின் எழுத்துகளைக் கருக்கும் வகையைச் சேர்ந்தது. மேலே சொன்ன ஓஜிஜி1 பிடுங்கி எடுப்பது அந்தக் கரியைத்தான். மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் பாராகுவாட்டுக்குத் தடை.

இதை வைத்து, "அந்த மருந்துதான் அம்மாவைக் கிழவியாக்கியது" என்று நான் எழுதினால் உனக்கு ஆறுதலாக இருக்கும். ஆனால் அம்மாவுக்கு மரபணு நோய் இருப்பதாக யாரும் சொல்லவில்லை. அவருடைய கத்தரிக்கோல் நல்ல கத்தரிக்கோல்தான். அதற்கு எவ்வளவு வேலை வந்து சேர்ந்தது என்பதைத்தான் இப்போது அளக்க வழியில்லை. விடியற்காலைப் பெரட்டு (வேலைக்கு ஆள் கணக்கெடுப்பு), தலைச்சுமை, வெயில், அடுப்புப் புகை, குழந்தைப் பேறு, அரைவயிறு, பிறகு இனிப்பு நீர். மருந்தும் அந்த வரிசையில் ஒன்று. கையுறை கொடுக்காமல் அடிக்கவிட்டது தப்பு என்று சொல்ல எந்த எலி ஆராய்ச்சியும் தேவையில்லை.

நர்ஸ் அக்கா | புதன், காலை 7.05

கூன் முதுகுக்கு எலும்பு அடர்த்திப் பரிசோதனை எடுத்தாயிற்றா தம்பி? முதுகெலும்பு நொறுங்கியிருந்தாலும் கூன் விழும், அதற்கு மருந்து இருக்கிறது. வயசாகிவிட்டது என்று விட்டுவிடாதே. கிளினிக்கில் பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் கேள்.

லயத்துப்பையன் | புதன், இரவு 8.20

எடுக்கவில்லை அக்கா. யாரும் சொல்லவும் இல்லை, நானும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை விடுப்பு போட்டுவிட்டேன்.

இந்த உரையாடல் முழுவதையும் மகள் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள். மருந்து பற்றிய இடம் வந்தபோது ஒன்றும் சொல்லவில்லை. துரை கூரையை அடைக்கும் இடத்தில், "எந்தத் துரை அடைச்சான்?" என்று கேட்டார். கடைசியில் ஐயாவிடம் ஒன்று கேட்கச் சொன்னார்: தீனி குறைத்தார்களே, அந்த எலிகளுக்குப் பசிக்குமா?

எலிக்கூண்டு | புதன், இரவு 9.02

பசிக்கும் என்று சொல்லுங்கள். தீனி குறைத்த கூண்டுகளுக்கு நான் தினமும் ஒரே நேரத்தில் போடுவேன். அந்த நேரம் நெருங்குவது அவற்றுக்குத் தெரியும். நான் கதவைத் திறப்பதற்கு முன்பே எழுந்து கூண்டுக்குள் நடக்க ஆரம்பித்திருக்கும். வயிறு நிறையத் தின்னும் கூண்டுகள் அப்போது தூங்கிக்கொண்டிருக்கும்.

துரை விஷயத்தில் அம்மா சொன்னது சரி, உவமையை மாற்றிக்கொள்கிறேன்.